கோடை விடுமுறையில் 60 பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு: அளவும் முறையும்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்களுடையது ஒரு சிற்றூர். ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் சத்துணவும் நின்றுவிடுகிறது. பெற்றோர் கரிமூட்டத்துக்கும் கூலி வேலைக்கும் விடிகாலையிலேயே போய்விடுகிறார்கள். மே மாதம் முழுவதும் சுமார் 60 பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட இளைஞர்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: எத்தனை நாள் போட முடியும் என்று முதலில் கணக்குப் பாருங்கள். ஒரு வாரம் நீங்கள் சோறு போட்டால், பிள்ளைக்கு அங்கே சாப்பாடு இருக்கிறது என்று நம்பி அம்மா மதியத்துக்கு எதுவும் எடுத்து வைக்காமல் வேலைக்குப் போவார். எட்டாம் நாள் நீங்கள் அடுப்பு மூட்டவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்குப் பழைய சோறும் இருக்காது. அதனால் 25 நாளுக்கான பொருள் கைக்கு வந்த பிறகு, அல்லது உறுதியான பிறகே முதல் நாளை அறிவியுங்கள். பிரியாணியெல்லாம் வேண்டாம். சோறு, பருப்பு, காய், முட்டை போதும்.

அளவுக்கு அரசின் மதிய உணவுத் திட்ட அளவையே வைத்துக்கொள்ளலாம். 1 முதல் 5 வகுப்புப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய் 50, எண்ணெய் 5. 6 முதல் 8 வரை என்றால் அரிசி 150, பருப்பு 30, காய் 75, எண்ணெய் 7.5. உங்கள் 60 பேரில் சிறியவர்கள் 40, பெரியவர்கள் 20 என்று கொண்டால் ஒரு நாளைக்கு அரிசி 7 கிலோ, பருப்பு 1 கிலோ 400, காய் மூன்றரைக் கிலோ, எண்ணெய் 350 கிராம், முட்டை 60. 25 நாளைக்கு அரிசி 175 கிலோ, பருப்பு 35 கிலோ, எண்ணெய் ஏறக்குறைய 9 கிலோ, முட்டை 1,500, அதாவது 50 அட்டை. இவற்றின் மேல் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அக்காமார் இடுப்பில் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுங்கள்.

ரேஷன் அரிசியை யாரிடமும் விலைக்கு வாங்காதீர்கள், அது குற்றம். மளிகைக்கு ஆள் பிடிக்க, கோயில் கட்டளை மாதிரி ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் என்று பிரித்துவிடுங்கள். பணமாகவோ மளிகையாகவோ வாங்கலாம். சமைத்த உணவை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கல்யாண வீட்டு மிச்சம் மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம் தாண்டியிருந்தால், மணம் மாறாவிட்டாலும் கெட்டிருக்கக்கூடும்.

இடத்துக்குப் பள்ளிச் சத்துணவுக் கூடமே நல்லது. தலைமை ஆசிரியரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் எழுதிக் கேளுங்கள். அங்கே இருப்பில் உள்ள அரிசி பருப்பைத் தொடக் கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறையிலும் பதிவு செய்துகொள்ளுங்கள், அன்னதானத்துக்கும் அது வேண்டும். உங்கள் பகுதி வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டிருந்தால் ஆட்சியரிடம் மனுவும் கொடுங்கள். வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. சமையலர் நியமனத்தில் தலித், பழங்குடிப் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றதும் அதே உத்தரவுதான். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு தெருவுக்குள் பந்தி வைத்தால் அடுத்த தெருப் பிள்ளை வராது. எல்லாரும் கால் வைக்கும் இடமாகப் பாருங்கள். பந்தி ஒன்றாகவே இருக்கட்டும்.

கீற்றுக் கூரைக்கும் பந்தலுக்கும் அடியில் அடுப்பு மூட்டாதீர்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சத்துணவு சமைத்த கீற்றுக் கொட்டகையில்தான் பிடித்தது. அதே ஜூலை 16, 2013இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர்க் குடமாக்கும் வழக்கம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. உங்கள் சமையல்கட்டுக்குள் அப்படி ஒரு டப்பாவும் வரக் கூடாது. எண்ணெயை மூடி உடைக்காத பாக்கெட்டாகவே வாங்குங்கள்.

9.30க்கு அடுப்பு மூட்டினால் 12 மணிக்குள் பரிமாறத் தொடங்கலாம். 7 கிலோ அரிசியை ஒரே அண்டாவில் போட்டால் அடி குழைந்து மேல் நறுக்கரிசியாக நிற்கும், வடிக்கும்போது கையும் வெந்துபோகும். 30 லிட்டர் பாத்திரம் இரண்டில் மூன்றரைக் கிலோ வீதம் பிரித்து வடியுங்கள். சாம்பார் 12 லிட்டர், தலைக்கு 200 மில்லி. புளி ஊற்றுவதால் எவர்சில்வர் பாத்திரம் போதும், ஈயம் பூசாத பித்தளை வேண்டாம். காயைத் தனிப் பொரியலாக வைத்தால் பிள்ளைகள் ஒதுக்குவார்கள். பொடியாக நறுக்கிச் சாம்பாரிலேயே போடுங்கள். முருங்கைக்கீரையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் போதும். வாரம் ஒரு நாள் கொண்டைக்கடலை சாதம் போடலாம். கடலையை இரவு ஊறவைத்தால் நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றுங்கள், இந்தச் சூட்டில் நுரைத்து நாற்றம் பிடித்துவிடும். தேங்காய் அரைத்து ஊற்றும் குழம்பு சீக்கிரம் ஊசிப்போகும், மே மாதத்துக்கு ஆகாது. தயிர் சாதமானால் பரிமாறும்போதுதான் தயிர் சேர்க்க வேண்டும்.

மிஞ்சிய சோற்றை மறுநாளுக்கு வைக்கவே கூடாது. அரிசியோடு வரும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகும்போது உண்டாகும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதப்பதையும் விரிசல் விட்டதையும் எடுத்துவிடுங்கள். கொதி வந்ததிலிருந்து 12 நிமிடம் வேகட்டும். ஓடு உரிப்பது பந்தி உட்கார்ந்த பிறகுதான். பரிமாறுவதற்கு அரை மணி முன்னால் சமைத்தவரும் இன்னொரு பெரியவரும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கரண்டி எடுத்து, மூடிய டப்பாவில் தேதி எழுதி, பனிப்பெட்டியில் மறுநாள் வரை வைத்திருங்கள். இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தாலே பரிமாறுவதை நிறுத்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவர் கேட்டால் அந்த டப்பாவைக் காட்டலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தவறவிடுவது கை கழுவும் இடம். ஒரே குழாய் என்றால், ஆளுக்கு 20 விநாடி வைத்தாலும் 60 பேருக்கு 20 நிமிடம். வரிசை நீள நீளப் பிள்ளைகள் சோப்பை விட்டுவிட்டு ஓடி வந்து உட்காருவார்கள். நாலு இடத்தில் வாளி, குவளை, நூலில் கட்டிய சோப்பு வையுங்கள்.

கத்திரி வெயிலில் செருப்பில்லாமல் தார்ச் சாலையில் வருகிற பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டிய குடிசைகள் இருந்தால் அங்கே சோற்றை மூடிய தூக்கில் நீங்களே கொண்டுபோங்கள். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை பள்ளி நிழலிலேயே இருக்கட்டும். பிள்ளை சாப்பிடுவதைப் படம் எடுத்துப் போடாதீர்கள். கட்டளை கொடுத்தவர் கேட்டாலும், கரும்பலகையில் அன்றைய தலைக்கணக்கை எழுதி அதைப் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

பள்ளி மூடிய முதல் ஞாயிறு 20 பிள்ளைகளை வைத்து ஒருமுறை முழுதாகச் சமைத்துப் பாருங்கள். கரண்டி எத்தனை பற்றவில்லை, கஞ்சி வடிக்க இடம் எங்கே என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.