கேமரா கேள்வி பதில்: அந்த இரண்டாவது லென்ஸ் வேண்டாம்

கே: சார், நல்ல டிஎஸ்எல்ஆர் ஒன்று சொல்லவும். அவசரம். (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா இல்லை? பட்ஜெட் இல்லை, என்ன எடுக்கப் போகிறீர்கள் என்பதும் இல்லை. மருந்துக் கடையில் போய் "நல்ல மாத்திரை ஒண்ணு கொடுங்க" என்று கேட்பீர்களா? மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கே: நிகான் டி3500, கேனான் 1500டி இரண்டும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. முதல் கேமராவுக்கு எது? (மதுரை)

டி3500. இரண்டுமே 24 மெகாபிக்சல்தான், ஆனால் டி3500-இன் பேட்டரி ஒரு சார்ஜில் 1550 படம் தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. 1500டி-க்கு 500. வீடியோவுக்குத் தனி மைக் மாட்ட வேண்டுமென்றால் இரண்டுமே வேண்டாம், அதற்கான துளையே கிடையாது. அப்போது டி5600 அல்லது 200டி மார்க் 2 பக்கம் போங்கள். முக்கியமாக, இரண்டையும் கையில் பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் கீழே தொங்கினால் பழகப் பழகக் கை வலிக்கும்.

கே: கடையில் கேனான் பாடியோடு (லென்ஸ் இல்லாத கேமரா) 18-55, 75-300 எம்எம் இரண்டு லென்ஸும், பையும் ட்ரைபாடும் சேர்த்து காம்போ விலை சொல்கிறார்கள். தனியாக வாங்குவதைவிட நிறைய மிச்சம். வாங்கலாமா? பறவைப் படங்களில் ஆர்வம். (செங்கல்பட்டு)

வாங்காதீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார், பாதிப் பேர் வாங்கிய பிறகு கேட்கிறார்கள்.

அந்த 75-300 லென்ஸின் முன்வளையத்தைப் படியுங்கள். 'ஐஎஸ்' என்ற இரண்டு எழுத்து அதில் இருக்காது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இல்லை என்று அர்த்தம். உங்கள் பாடியில் படம் பதியும் சென்சார், பழைய 35 எம்எம் ஃபிலிமைவிட 1.6 மடங்கு சிறியது. 300 எம்எம் என்பது கிட்டத்தட்ட 480 எம்எம் மாதிரி நடந்துகொள்ளும். கையில் பிடித்து ஆடாமல் எடுக்க ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே இறங்கக் கூடாது. 300-இல் லென்ஸ் திறப்பதோ எஃப் 5.6 வரைதான், வெளிச்சம் குறைவாகவே நுழையும். காலை ஆறரை மணி வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 3200, 6400 என்று ஏறும், படம் ரவை தூவினாற்போல் வரும்.

நானே ஏமாந்தவன்தான். சென்னையில் ஒரு கடையில் இதே காம்போவை வாங்கி, அடுத்த ஞாயிறே வேடந்தாங்கல் போனேன். ஏரி மரங்களில் கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை என்று கிளைக்குக் கிளை பறவை. நானூறு படம் எடுத்தேன், வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பத்துகூடத் தேறவில்லை. வெள்ளைச் சிறகுக்கும் வானத்துக்கும் நடுவே ஊதாக் கோடு, இறகில் ஓர் இழைகூடத் தெளிவில்லை. கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "கை நடுக்கம் சார், நல்ல ட்ரைபாட் ஒண்ணு வாங்குங்க" என்று அதையும் விற்றுவிட்டார்கள். காம்போவில் கொடுத்த இலவச ட்ரைபாட் ஏரிக்காற்றுக்கு என்னைவிட அதிகமாக நடுங்கியது என்பது வேறு கதை.

உங்களுக்கு வேண்டியது 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். 50 எம்எம் குறைகிறதே என்று கவலைப்படாதீர்கள். 250-இல் தெளிவாக எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கினால், 300-இல் மங்கலாக எடுத்ததைவிட நன்றாக இருக்கும். எஸ்டிஎம் மோட்டார் என்பதால் ஃபோகஸும் வேகம், சத்தமும் இல்லை. பழையது பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். ஒன்று மட்டும்: உட்கார்ந்திருக்கும் பறவைக்குத்தான் ஐஎஸ் உதவும். பறக்கும் பறவைக்கு 1/1000-க்கு மேல் வேகம் வேண்டும், எந்த லென்ஸாக இருந்தாலும்.

நிகான்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் ஏஎஃப்-பி 70-300-லும் 'விஆர்' (நிகானின் ஐஎஸ்) உள்ளது, இல்லாதது என இரண்டு வகை உண்டு, விலை குறைவாகச் சொன்னால் எழுத்தைப் பாருங்கள். கேனான் 18-55-லும் ஐஎஸ் இல்லாத ஒன்று உலவுகிறது. பாடியின் பெயரைப் படிக்கும் கண்ணாடியை லென்ஸுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். பில்லும் வாங்குங்கள்.

கே: டி5600-க்கு 50 எம்எம் 1.8டி லென்ஸ் வாங்கினேன். ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை. லென்ஸ் பழுதா? (நாகர்கோவில்)

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. 'டி' வகையைச் சுழற்றும் மோட்டார் பாடிக்குள் இருக்க வேண்டும். டி3500, டி5600 இரண்டிலும் இல்லை, டி7200, டி7500-இல் உண்டு. மாற்றித் தருவார்களானால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் 1.8ஜி வாங்குங்கள். இல்லையென்றால் கையால் திருப்பி ஃபோகஸ் செய்யுங்கள், வியூஃபைண்டரின் இடது மூலையில் பச்சைப் புள்ளி நின்றால் சரி.

கே: 1500டி-யில் நண்பரின் பழைய மேனுவல் ஃப்ளாஷ் எரியவே இல்லை. அவருடைய 700டி-யில் எரிகிறது. (கரூர்)

ஃப்ளாஷ் மாட்டும் இடத்தை உற்றுப் பாருங்கள். 700டி-யில் ஃப்ளாஷை எரியச் சொல்லும் புள்ளி ஒன்று நடுவில் வட்டமாக இருக்கும், உங்களுடையதில் இருக்காது. 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மூன்றிலும் கேனான் அதை எடுத்துவிட்டது. கேனானின் ஃப்ளாஷ், அல்லது கேனானுக்கென்றே செய்த டிடிஎல் (கேமராவே வெளிச்சத்தை அளந்து கொடுக்கும்) ஃப்ளாஷ் வேண்டும். ஒரு புள்ளியில் என்ன பெரிய மிச்சமோ!

கே: பழைய கேமரா வாங்கும்போது ஷட்டர் கவுண்ட் மட்டும் பார்த்தால் போதுமா? (தூத்துக்குடி)

போதாது. ஷட்டர் கவுண்ட் என்பது கேமரா இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை. ஷட்டரின் ஆயுள் சாதா பாடிகளுக்கு ஒரு லட்சம் படம், டி7500 மாதிரியானவற்றுக்கு ஒன்றரை லட்சம் என்பது பொதுக் கணக்கு. 30,000-க்குள் இருந்தால் நல்லது. ஆனால் உங்களுடையது கடற்கரை ஊர். ஷட்டரைவிட பூஞ்சைதான் முதல் எதிரி. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் செல்போன் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால், எவ்வளவு மலிவானாலும் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

வாங்கிய பிறகு, எத்தனை தடவை எழுதினாலும் சரி, கேமராவைத் தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நீல சிலிக்கா ஜெல். அது வெளிறி ரோஸ் நிறமானால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். அந்த வாணலியில் அப்புறம் சமைக்கக் கூடாது.

கே: டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டதாமே? இப்போது வாங்குவது முட்டாள்தனமா? (கோயம்புத்தூர்)

2020-க்குப் பிறகு கேனானும் நிகானும் புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை, உண்மை. அதனால்தான் பழையவை இவ்வளவு மலிவு. 40,000-க்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழைய டிஎஸ்எல்ஆர். 70,000 தாண்டினால் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) பாருங்கள். கேனான் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் அதன் புது மிரர்லெஸ் 'ஆர்' வரிசையில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும், அந்தப் பணம் வீணாகாது. நிகானில் மேலே சொன்ன 'டி' வகைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கே: கல்யாண ஆர்டர் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். 12x36 ஆல்பத்துக்கு 24 மெகாபிக்சல் போதுமா? (சேலம்)

தாராளமாக. மெகாபிக்சலை விடுங்கள், கார்டு போடும் துளை எத்தனை என்று பாருங்கள். டி750, டி7200 இரண்டிலும் இரண்டு. டி7500-இல் ஒன்றுதான். முகூர்த்தம் முடிந்த பிறகு கார்டு திறக்கவில்லை என்றால் தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

கே: சென்சாரில் தூசி. வாயால் ஊதலாமா? (திருவாரூர்)

கூடாது. எச்சில் படும். ரப்பர் ப்ளோயர் சில நூறு ரூபாய்தான்.