மஞ்ச மீட்டர் செகண்ட்ஹேண்ட்ல வாங்கலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். ஐடிஐ முடிச்சிட்டு பேனல் போர்டு வேலைக்கு ஹெல்பரா போறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒருத்தர் பழைய ஃப்ளூக் கம்பெனி 87வி மல்டிமீட்டர், அந்த மஞ்ச மீட்டர், 3,500 ரூபாய்க்கு தரேங்கிறார். பிளக் பாயிண்ட்ல வச்சு காட்டினாரு, 232 வோல்ட் கரெக்டா வந்துச்சு. ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது? (ஆவடி வாசகர்)

பதில்: தம்பி, முதல்ல அந்த 232 வோல்ட்ட மறந்துடுங்க. டூப்ளிகேட் மீட்டரும் வோல்ட்டேஜ் சரியாதான் காட்டும், அளக்குற சிப்பெல்லாம் இப்ப அவ்வளவு மலிவு. வித்தியாசம் தெரியுறது தப்பு நடக்குற அன்னைக்குதான். ஆம்பியர் ஜாக்ல (கரண்ட் அளக்குற ஓட்டை) லீட் (அளக்குற ஒயர்) சொருகினது சொருகினபடி இருக்க, அவசரத்துல 415 வோல்ட் பஸ்பார்ல (பேனலுக்குள்ள கரண்ட் போற செம்பு, அலுமினிய பட்டை) கொண்டு போய் வைக்கிறது எல்லா சைட்லயும் நடக்குறதுதான், அந்த நேரம் மீட்டர் வழியா நேரா ஷார்ட் ஆகி ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒரிஜினல்ல 1000 வோல்ட் எச்ஆர்சி (பெரிய ஷார்ட் கரண்டையும் பத்திரமா கட் பண்ற) ஃப்யூஸ் ரெண்டு இருக்கும், ஒண்ணு 11 ஆம்பியர், இன்னொண்ணு 440 மில்லி ஆம்பியர், உள்ள மணல் அடைச்சிருக்கிறதால ஆர்க்க (தீப்பொறிய) அங்கயே அமுக்கிடும். டூப்ளிகேட்ல பெரும்பாலும் 250 வோல்ட் சின்ன கண்ணாடி ஃப்யூஸ்தான், அதுல 10 ஆம்பியர் ஃப்யூஸ் சாதாரணமா 100 ஆம்பியர் வரைக்கும்தான் ஒழுங்கா கட் பண்ணும், அதுக்கு மேல போனா வெடிச்சு ஆர்க் நிக்காம மீட்டரே கைல சிதறும். முகமும் கையும் கருகிடும் தம்பி, அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

கடையில நின்னுகிட்டே, மீட்டர கழட்டாமலே ரெண்டு விஷயம் பாக்கலாம். லீட ஆம்பியர் ஜாக்ல சொருகிட்டு டயல வோல்ட்ல வைங்க, 87வி-யா இருந்தா கீச் கீச்சுனு கத்தி டிஸ்ப்ளேல லீட்னு எழுத்து மின்னும், பேசாம இருந்தா அங்கயே வச்சிட்டு வந்துடுங்க. அடுத்து டயல ஓம்ஸ்ல வச்சு ஒரே ஒரு லீட வோல்ட்-ஓம் ஜாக்ல சொருகி அதோட நுனிய ஆம்பியர் ஜாக்குக்குள்ள தொடுங்க, 0.5 ஓமுக்குள்ள வரணும், மில்லி ஆம்பியர் ஜாக்ல தொட்டா 0.995-ல இருந்து 1.005 கிலோ ஓமுக்குள்ள வரணும். ஆனா ஃப்யூஸுக்கு பதிலா கம்பி சுத்தி வச்சிருந்தாலும் ஆம்பியர் பக்கம் ஜீரோதான் காட்டும், அதனால லீட கழட்டிட்டு பின்பக்கத்த திறந்து பாத்தே ஆகணும். திறக்க விடமாட்டேங்கிறவர்கிட்ட வாங்கவே வாங்காதீங்க.

திறந்ததும் ஃப்யூஸ் மேல 1000 வோல்ட்னு இருக்கான்னு படிங்க. இன்புட் ஜாக் பக்கத்துல வட்டு மாதிரி எம்ஓவி (திடீர்னு ஏறுற வோல்ட்டேஜ உறிஞ்சுற பார்ட்) இருக்கணும், போர்டுல பேர் மட்டும் அச்சடிச்சிட்டு பார்ட் வைக்காம காலியா விட்டிருந்தா ஒண்ணு அது டூப்ளிகேட்டா இருக்கும், இல்ல யாரோ அந்த பார்ட்ட பிடுங்கின மீட்டரா இருக்கும், ரெண்டுமே நமக்கு வேண்டாம். கேட் 3 1000 வோல்ட், கேட் 4 600 வோல்ட்னு முன்னாடி போட்டிருக்கிற பாதுகாப்பு ரேட்டிங், சிஇ மார்க், ஹாலோகிராம் ஸ்டிக்கர் இதெல்லாம் யார் வேணா அச்சடிக்கலாம், அத வச்சு முடிவு பண்ணாதீங்க. சீரியல் நம்பர போட்டோ எடுத்து கம்பெனிக்கு அனுப்பி கேளுங்க, அது பிரயோஜனம்.

லீடையும் விடாதீங்க. ரெண்டு நுனியையும் சேர்த்தா 0.1, 0.2 ஓம் வாக்குல நிக்கணும், ஒயர ஆட்டும்போது நம்பர் குதிச்சா உள்ள அறுந்திருக்கு, ஒயர்ல காந்தம் ஒட்டுச்சுன்னா செம்பு பூசின இரும்பு.

ட்ரூ ஆர்எம்எஸ் (ஏசி அலை வடிவம் மாறினாலும் சரியா அளக்குறது) நிஜமான்னு பாக்கணும்னா டிம்மர்ல ஒரு குண்டு பல்ப போட்டு பாதி வெளிச்சத்துக்கு குறைச்சு, நம்பிக்கையான வேற ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரையும் பக்கத்துல வச்சு பல்ப் முனையில அளங்க. 230 வோல்ட் லைன்ல அலை சரிபாதியா வெட்டுப்படுற இடத்துல நிஜ ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் 163 வோல்ட் காட்டும், அலையோட சராசரிய வச்சு கணக்கு போடுற மீட்டர் 115-தான் காட்டும்.

என்னைக் கேட்டா, புதுசு பல ஆயிரம் விக்கிற மீட்டர் 3,500-க்கு வருதுன்னா அந்த விலையே சந்தேகப்பட போதும். மெகோ, குசம் மெகோ, மோட்வானே, ரிஷப்னு நம்ம நாட்டு கம்பெனிகள் இருக்கு, கேட் 3 600 வோல்ட் மீட்டர் ஒண்ண பில்லோட புதுசா வாங்குங்க, பேனல் வேலைக்கு தாராளமா போதும்.

கேள்வி: செகண்ட்ஹேண்ட்ல 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்குற மீட்டர்) வாங்கிட்டேன், நல்லதான்னு எப்படி பாக்கிறது? (கரூர் வாசகர்)

பதில்: நல்ல மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வச்சு மெக்கரோட ரெண்டு லீடையும் அதுல கோர்த்து பட்டன அழுத்துங்க. மல்டிமீட்டர்ல 500-க்கு கொஞ்சம் மேல வரணும், மெக்கர்ல 10 மெகா ஓம் வாக்குல வரணும், ஏன்னா பெரும்பாலான டிஜிட்டல் மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் அதுதான். டூப்ளிகேட்டுங்க இதுல பாஸ் ஆகிடலாம், அதனால 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் அஞ்ச வரிசையா கோர்த்து மெக்கரோட ரெண்டு லீடுக்கும் குறுக்க போட்டு திரும்ப அழுத்துங்க, 1 மில்லி ஆம்பியர் லோடு வரும். நல்ல மெக்கர் அப்பவும் 500 பக்கத்துலயே நிக்கும். 200, 300-னு இறங்கிடுச்சுன்னா அத வச்சு மோட்டார் வைண்டிங்க பாஸ் பண்ணி சப்ளை குடுத்துடாதீங்க, விக்கிறவர்கிட்ட திருப்பி குடுத்துடுங்க. அளந்து முடிச்சதும் வைண்டிங் டிஸ்சார்ஜ் ஆகிடுச்சான்னு பாத்துட்டு லீட எடுங்க.