மயில் டயலும் தாத்தா வாட்சும்

யாங்கோனில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் பழைய டயல்களைப் பற்றி நம்மவர்கள் கேட்டவை.

மோல்மேன் தம்பி: அண்ணே, தாத்தா 1955இல் ரங்கூனில் வாங்கிய ஸ்விஸ் வாட்ச். ஆறு மணிக்குக் கீழே ‘டி ஸ்விஸ் டி’ என்று பொடியாக இருக்கிறது. என்ன அது?

இரண்டு ‘டி’யும் டிரிட்டியத்தின் அடையாளம்; பூச்சை இருட்டில் ஒளிரவைக்கும் கதிரியக்கப் பொருள் அது. 1955இல் இருட்டில் தெரியப் பூசியது ரேடியம். இந்தக் குறி டயலில் வந்ததே 1960களில்தான். தாத்தா பொய் சொல்லவில்லை தம்பி, டயல்தான் பின்னால் வந்தது. சர்வீசுக்குக் கொடுத்தபோது மாற்றியிருப்பார்கள். மாற்றியதும் கம்பெனி டயலாகவே இருக்கலாம். முள்ளில் உள்ள பூச்சையும் டயலில் உள்ளதையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒன்று கருத்து ஒன்று வெளுத்திருந்தால் இரண்டும் ஒரே காலத்துச் சரக்கு இல்லை.

தன்லின் நண்பர்: மயில் படம் போட்ட டயல். 1965 என்கிறார்கள். விடியவிடியப் பச்சையாக ஒளிர்கிறது!

அந்த ஒளிதான் இடிக்கிறது. டிரிட்டியம் 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும்; அறுபது வருஷத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் மிச்சம். பூச்சு புதுசு. அதற்காக டயலே போலி என்று சொல்லிவிட மாட்டேன். மயிலின் வால் நுனி நிமிடக் கோட்டின் மேல் ஏறுகிறதா? கம்பெனிக்காரன் படத்துக்கு இடம் விட்டுத்தான் மற்றதை அச்சடிப்பான். பன்னிரண்டில் தொடங்கி ஒவ்வொரு கோடாகச் சுற்றி வாருங்கள். பதித்த எண்ணும் கோடும் ஒன்றுக்கொன்று விலகினால் மறு அச்சு. பிறகு டயலைக் கழற்றச் சொல்லுங்கள். பின்னால் குச்சி மாதிரி கால்கள் இருக்க வேண்டும். அவற்றை வெட்டிவிட்டுப் பசையில் ஒட்டியிருந்தால் அது வேறு மெஷினுக்குப் பிறந்த டயல். நம் ஊரில் மயில் என்றால் நாலு காசு கூடக் கொடுப்பார்கள், அது அச்சடிப்பவனுக்கும் தெரியும்.

மாண்டலே: சீக்கோ 5, ரத்தச் சிவப்பு டயல். வாங்கலாமா?

டயலின் அடி ஓரத்தில் மணலளவு எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கம் பொதுவாகப் பின்மூடியிலும் வரும். வரவில்லையா, பேரமே பேசாதீர்கள்.

பெகு: கறுப்பு டயல் பழுப்பாகிவிட்டதே?

வெயிலும் புழுக்கமும் செய்த வேலை. ஆசைப்பட்டுக் கூடுதல் விலைக்கு வாங்குவோர் உண்டு. கண்ணாடி வளையத்தில் மறைந்த ஓரம் இன்னும் கறுப்பாக இருந்தால் நிறம் தானாக மாறியது என்று நம்பலாம்.

யாங்கோன் அக்கா: ரேடியம் எண்கள் பொடியாக உதிர்கின்றன. பிரஷ்ஷால் துடைக்கலாமா?

வேண்டாம் அக்கா, திறக்கவே திறக்காதீர்கள். ரேடியம் பாதியாக 1600 ஆண்டு ஆகும். ஒளி செத்தாலும் கதிர் சாகவில்லை. அந்தப் பொடி மூச்சில் போகக்கூடாது. மூடியபடியே பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.