பாரசீக இசையைப் பகிரலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாரசீகச் செவ்வியல் இசை பற்றி நீங்கள் எழுதிவருவதைப் படித்துத்தான் அதைக் கேட்கத் தொடங்கினேன். துபாயில் வேலை பார்த்த என் நண்பர் சென்ற முறை ஊருக்கு வந்தபோது ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தார். அவருடன் வேலை செய்த ஈரானியர் ஒருவர் கொடுத்ததாம். பழைய இசைத்தட்டுகள், வானொலி நிகழ்ச்சிகள், வீட்டுக் கச்சேரிகள், இப்போதைய ஆல்பங்கள் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. எங்கள் டெலிகிராம் குழுவில் ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தேன். குழுவில் ஒருவர் இது திருட்டு என்கிறார். இன்னொருவரோ, நாடுகள் ஒன்றின் பதிப்புரிமையை மற்றொன்று மதிக்கும் பெர்ன் ஒப்பந்தத்தில் ஈரான் கையெழுத்தே போடவில்லை, அதனால் ஈரானிய இசைக்கு வெளிநாட்டில் உரிமை என்று ஒன்று கிடையாது என்கிறார். தவிர இது மரபிசை, மரபுக்கு யார் சொந்தக்காரர் என்றும் கேட்கிறார். எனக்கு இருவர் சொல்வதும் சரியென்றே படுகிறது. ஏற்றுவதை நிறுத்திவைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதில் பெரும்பகுதியை நீங்கள் தாராளமாகப் பகிரலாம். பகிரத்தான் வேண்டும் என்பேன். ஒரு பகுதியைப் பகிரக் கூடாது. எது எந்தப் பக்கம் என்று பிரிக்க, குழுவில் நடந்த விவாதத்தின் இரண்டு கட்சியுமே உதவாது.

பெர்ன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஈரான் அதில் சேரவில்லை என்பது உண்மை. உலக வணிக அமைப்பிலும் அது உறுப்பினர் இல்லை. அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் இடையே பதிப்புரிமை உறவே கிடையாது. ஆனால் இதிலிருந்து உங்கள் நண்பர் போகிற முடிவுக்குப் போக முடியாது. கேஹான் கல்ஹோர் கமான்ச்சே என்ற வில் வாத்தியத்தில் வாசித்த ஆல்பங்கள் சிலவற்றை ஜெர்மனியின் இசிஎம் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. அவை ஜெர்மனியில் வெளியானவை, அங்குள்ள பாதுகாப்பு முழுவதும் அவற்றுக்கு உண்டு. வாசித்தவர் ஈரானியர் என்பதால் அதில் ஒரு துளியும் குறையாது. ஷுஜாத் கானின் சிதாரோடு அவர் வாசித்த ‘கஸல்’ குழுவின் ஆல்பங்கள் சிலவும் அமெரிக்காவில் வெளியானவை. ‘ஈரானிய இசை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் இதெல்லாம் கண்ணில் படாது.

ஈரானுக்குள் சட்டமே இல்லை என்று நினைப்பதும் தவறு. 1970 ஜனவரியிலேயே ஆசிரியர்கள், இசையமைப்பாளர்கள், கலைஞர்களின் உரிமைக்கான சட்டம் அங்கே வந்துவிட்டது. 1973-ல் ஒலிப்பதிவுகளை நகலெடுப்பது பற்றி இன்னொரு சட்டம் வந்தது. முதல் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. படைப்பாளியின் தார்மீக உரிமைக்குக் கால வரம்பும் கிடையாது, இட எல்லையும் கிடையாது, அதைக் கைமாற்றவும் முடியாது என்கிறது அது. அனுமதி பெற்றுப் பயன்படுத்துகிறவரும் படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டாக வேண்டும் என்கிறது. பணம் சார்ந்த உரிமை ஒருநாள் தீர்ந்துவிடும், பெயர் சார்ந்த உரிமை தீராது. இந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் கட்டாயம் இருக்கும்: ‘மொர்கெ சஹர்’, விடியற்காலைப் பறவையை அழைத்து முறையிடும் பாட்டு. மாஹூர் என்ற தஸ்த்காஹில் (நம் ராகம் போன்ற இசை அமைப்பு) அமைந்தது. வரிகள் கவிஞர் மலிக்குஷ் ஷுஅரா பஹாருடையவை. அவர் இறந்தது 1951-ல். அன்றைய ஈரானியச் சட்டப்படி உரிமை இறந்தபின் 30 ஆண்டுகளுக்குத்தான், ஆக வரிகள் 1981-லேயே எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. மெட்டு மொர்தெசா நெய்தாவூதுடையது. யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர், தார் என்ற நரம்பு வாத்தியத்தில் பெரிய கலைஞர். கடைசிக் காலத்தில் அமெரிக்கா போய் 1990-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்தார். இதற்கிடையில் 2010-ல் ஈரான் அந்த 30 ஆண்டை 50 ஆக்கிவிட்டது, எனவே மெட்டின் உரிமை அங்கே 2040 வரை ஓடும். இசைத்தட்டுக் காலத்தில் யாரோ பாடிப் பதிவான பழைய ‘மொர்கெ சஹர்’ தனிக் கணக்கு. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1962 வரை வெளியானவற்றின் காலம் முடிந்துவிட்டது. கச்சேரி முடிவில் கூட்டம் கேட்டுக் கேட்டு மொஹம்மத் ரெஸா ஷஜரியான் பாடிய ‘மொர்கெ சஹர்’ முற்றிலும் வேறு பதிவு, வேறு உரிமை. பாட்டு ஒன்றுதான், வரி ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது, குரல் மூன்றாமவருடையது. திருட்டா இல்லையா என்று ஒரே சொல்லில் பதில் கேட்டால் எப்படிச் சொல்வது?

மரபு பற்றிய வாதத்தை நான் இன்னும் கடுமையாகவே மறுப்பேன், ஏனென்றால் கேட்க இனிமையாக இருக்கிறது, அதனால் பரவுகிறது. ரதீஃப் என்ற மரபிசைத் தொகுப்பு யாருக்கும் சொந்தமில்லை, சரி. இசை ஆசான் மிர்ஸா அப்துல்லா தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வழிவழியாக வந்த இருநூறுக்கும் மேற்பட்ட கூஷேக்கள், அதாவது சிறு மெட்டுகள், அவை. 2009-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டன. ஆனால் மேடையில் உட்கார்ந்தவர் ரதீஃபை ஒப்பிப்பதில்லை. ஷூர் தஸ்த்காஹில் தொடங்கி எந்தக் கூஷேக்குப் போவது, எங்கே நிற்பது, கவிஞர் ஹாஃபிஸின் எந்த ஈரடியை எடுத்து எந்தச் சொல்லில் குரலை உடைத்துச் சுழற்றுவது எல்லாம் அந்த இரவில், அவர் மனதில் உருவாகிறவை. கல்யாணி ராகம் பொது என்பதால் ஒருவர் பாடிய கல்யாணி ஆலாபனையின் பதிவும் பொது என்று நாம் சொல்வோமா? பாரசீக இசையில் பாடுகிறவரே இயற்றுகிறவர். மரபு என்ற பெயரைச் சொல்லி அவருடைய உழைப்பை ஊர்ச்சொத்தாக்குவது, மரபின் மேல் மரியாதை உள்ளவர்கள் செய்கிற காரியம் அல்ல.

இனி நீங்கள் பகிர வேண்டியவை. கிராமஃபோன் கம்பெனி 1906-ல் தெஹ்ரானுக்கு வந்து பதிவுசெய்தது. 1909-ல் தார்விஷ் கான் உள்ளிட்ட ஒரு குழு லண்டனுக்கே போய்ப் பதிவுசெய்தது. 1914-ல் திஃப்லிஸில் (இன்றைய ஜார்ஜியாவில் உள்ளது) மறுபடியும் பதிவுசெய்தார்கள். இந்தத் தட்டுகளைத் தயங்காமல் ஏற்றுங்கள். அமெரிக்காவிலேயே 1923-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி முதல் தேதியோடு பொதுவாகிவிட்டன. ஏற்றும்போது ஒன்று கவனியுங்கள். அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்று என்று ஓடவில்லை. தவறான வேகத்தில் ஓடவிட்டுப் பதிந்த கோப்புகள் நிறையச் சுற்றுகின்றன. சுருதியே மாறிப் போயிருக்கும், குரல் பதறும். அரைச் சுரத்துக்கும் குறைவான வேறுபாடுகளில் உயிர் வைத்திருக்கிற இசைக்கு இது பெரிய கேடு. அதைவிடக் கேடு, இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளை ஓட்டித் தாரின் மீட்டலையும் சேர்த்து வழித்துவிடுவது. உங்களிடம் இருப்பதை இருக்கிறபடியே வைத்திருங்கள்.

அடுத்து ‘கோல்ஹா’ நிகழ்ச்சிகள். 1956-ல் தாவூத் பீர்னியா ஈரான் வானொலியில் தொடங்கியது இது. 1979 வரை நடந்தது. பனான், தெல்கஷ், மர்ஸியே போன்ற குரல்களோடு ஸஅதியும் ஹாஃபிஸும் மௌலானா ரூமியும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது இதன் வழியாகத்தான். இன்று ஜேன் லூயிஸன் உருவாக்கிய கோல்ஹா இணையக் காப்பகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை இலவசமாகக் கேட்கலாம். அவர் அவற்றைத் திரட்டியது எங்கிருந்து? ஈரானிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்த ரசிகர்களின் வீடுகளிலிருந்து. யாரிடமும் கேட்காமல் டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்தவர்களும், நண்பர்களுக்கு நகலெடுத்துக் கொடுத்தவர்களும் இல்லாவிட்டால் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

பெண் குரல்களின் நிலைமை இதைவிட மோசம். கமர் உல் முலூக் வஸீரி 1924-ல் தெஹ்ரான் கிராண்ட் ஹோட்டல் மேடையில் முக்காடு இல்லாமல் பாடினார். கை நிறையச் சம்பாதித்து, கை நிறையக் கொடுத்து, 1959-ல் வறுமையில் இறந்தார். 1979 புரட்சிக்குப் பிறகு அந்த நாட்டில் ஆண்கள் இருக்கும் அவையில் ஒரு பெண் தனித்துப் பாட முடியாது, அந்தக் குரலை வானொலி ஒலிபரப்பாது. தெல்கஷ் 2004 வரை தெஹ்ரானிலேயே வாழ்ந்தார், அவருடைய சொந்த நாட்டு வானொலியில் அவர் குரல் கேட்கவில்லை. ஒரு தலைமுறை தன் பாட்டிமார்களின் குரலை நகல் கேசட்டுகளில்தான் அறிந்துகொண்டது. அந்த நகல்களைத் திருட்டு என்று அழைக்க எனக்கு வாய் வராது. உங்கள் டிஸ்க்கில் கமர், தெல்கஷ், மர்ஸியே பதிவுகள் எவ்வளவு இருந்தாலும் ஏற்றுங்கள், பலருக்கும் கொடுங்கள்.

பகிரக் கூடாதவை என்று நான் நினைப்பதில் முதலிடம் வீட்டுக் கச்சேரிகளுக்கு. ஈரானியர்கள் ‘ஹொஸூஸி’ என்பார்கள். நாலு நண்பர்கள், தேநீர், ஒரு தார், ஒரு ஸர்ப் (கையால் தட்டும் கொட்டு), ஓரமாக ஒரு ரெக்கார்டர். மிக நல்ல இசை சில சமயம் அங்கேதான் நிகழ்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாடியவர் உலகத்துக்காகப் பாடவில்லை. தொண்டை சரியில்லாமல் பாடியிருப்பார், பாதியில் நிறுத்திப் பேசியிருப்பார், வெளியிடும் எண்ணமே இருந்திருக்காது. வெளியிடாத படைப்புக்கு, ஒப்பந்தம் இல்லாத நாட்டினருடையதானாலும், அமெரிக்கச் சட்டம்கூடப் பாதுகாப்பு தருகிறது. சட்டத்தை விடுங்கள், இது ஒருவருடைய வீட்டுக்குள் நடந்தது. கலைஞரோ அவர் குடும்பமோ வெளியிட்டிருந்தால் மட்டும் பகிருங்கள்.

வேண்டாம் என்று சொல்லவும் கலைஞனுக்கு உரிமை உண்டு என்பதற்கு ஷஜரியானே சாட்சி. 2009 தேர்தலுக்குப் பின் எழுந்த போராட்டத்தின்போது, தன் பாடல்களை அரசு ஒலிபரப்பு நிறுவனம் இனி ஒலிபரப்பக் கூடாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். ரமலான் நோன்பு திறக்கும் நேரத்தில் ஒலிக்கும் ‘ரப்பனா’ பிரார்த்தனைக்கு மட்டும் விலக்கு அளித்தார். தன் குரல் எங்கே ஒலிக்கலாம், எங்கே ஒலிக்கக் கூடாது என்று தீர்மானிக்க அவருக்கு இருந்த அதே உரிமைதான் அந்த வீட்டுக் கச்சேரிகளில் பாடியவர்களுக்கும் இருக்கிறது.

இன்னொன்று, இப்போது வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் ஆல்பங்கள். இவற்றைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். இசிஎம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் வெளியிட்டவற்றைக் காசு கொடுத்து வாங்கலாம், ஸ்ட்ரீமிங்கிலும் கேட்கலாம். ஈரானுக்குள் மட்டும் வெளியானவற்றில் ஒரு நிஜமான சிக்கல் இருக்கிறது. பொருளாதாரத் தடையால் நம் வங்கி அட்டை அங்கே செல்லாது. தெஹ்ரானில் இருக்கும் ஓர் இளம் செதார் கலைஞருக்கு நூறு ரூபாய் அனுப்ப வேண்டுமென்றாலும் நேரான வழி இல்லை. இது அவர்கள் மேல் விழுந்திருக்கும் இரட்டை அடி. உள்ளே நகலெடுப்பவர்களால் ஒரு நஷ்டம், வெளியே வாங்க நினைப்பவர்களால் வாங்க முடியாத நஷ்டம். அப்படிப்பட்டவற்றில் ஒரு பாட்டின் சுட்டியை, அவர்களே ஏற்றிய இடத்திலிருந்து பகிருங்கள். கேட்போர் எண்ணிக்கையாவது அவர்கள் கணக்கில் சேரட்டும்.

கடைசியாகப் பெயர் விஷயம். உங்கள் கடிதத்தோடு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். ‘பெர்ஷியன் ட்ராட் 07’, ‘பெர்ஷியன் ட்ராட் 08’ என்று வரிசையாகப் போகிறது. எனக்கு மனம் கசந்தது அங்கேதான். கோல்ஹாவின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தொடர் பெயரும் எண்ணும் உண்டு: ‘கோல்ஹாயெ ரங்காரங்’ இத்தனாவது, ‘பர்கெ சப்ஸ்’ இத்தனாவது என்று. தொடக்கத்தில் அறிவிப்பாளர் பாடகர், வாத்தியக்காரர், கவிஞர் பெயர்களைச் சொல்வார், கவிதையை வாசிப்பார். அதை வெட்டியெறிந்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்திருக்கிறார்கள் யாரோ. நூறாண்டு பழைய தட்டுக்கு உரிமைத்தொகை கேட்டு யாரும் வரப்போவதில்லை. அதில் வாசித்தவருக்கு நாம் தரக்கூடியது பெயர் ஒன்றுதான், அதையும் பறித்துக்கொண்டு பகிர்வது எந்தச் சட்டத்தின்படி சரியானாலும் எனக்குச் சரியில்லை.

ஆகவே ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோப்பிலும் பாடியவர், வாசித்தவர், கவிஞர், தஸ்த்காஹ், கிடைத்தால் நிகழ்ச்சி எண் இவ்வளவையும் தமிழிலேயே எழுதிச் சேருங்கள். கோல்ஹா காப்பகத்தில் பாடகர், கவிஞர், வாத்தியம் வாரியாகத் தேடும் வசதி இருக்கிறது, பெரும்பாலானவை அகப்பட்டுவிடும். அகப்படாதவற்றின் தொடக்க அரை நிமிடத்தை எனக்கு அனுப்புங்கள். பாரசீகம் தெரிந்த நண்பர்கள் இருவர் இருக்கிறார்கள், முதல் ஈரடியை வைத்துக் கவிஞரையாவது கண்டுபிடித்துவிடுவார்கள்.