வேலையில் சேரப் பணம் கட்டலாமா?

கேள்வி: நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவன். வயது 23. பி.காம். முடித்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அப்பா கைலி நெய்கிறார், அம்மா பீடி சுற்றுகிறார். வங்கித் தேர்வு, குரூப்-4, ஆம்பூர், ராணிப்பேட்டை கம்பெனிகள் என்று எல்லா இடத்திலும் முயன்றுவிட்டேன். 'அனுபவம் உண்டா?' என்று கேட்கிறார்கள், 'போன் செய்கிறோம்' என்கிறார்கள். ஒருவரும் செய்வதில்லை. போன மாதம் வேலூரில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனேன். அன்றே தேர்வு செய்துவிட்டார்கள். பதவி 'வணிக மேம்பாட்டு அதிகாரி'. 9,800 ரூபாய் மதிப்புள்ள தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியை வீடு வீடாக விற்க வேண்டும். ஒன்று விற்றால் 800 ரூபாய் கமிஷன். புதிதாக ஒருவரைச் சேர்த்துவிட்டால் 2,500 ரூபாய். மாதம் 30,000 வரை சம்பாதிக்கலாம் என்கிறார்கள். பயிற்சிக்கும் மாதிரிக் கருவிக்கும் சேர்த்து 14,500 ரூபாய் கட்ட வேண்டும். அம்மா தன் கம்மலை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். இங்கேயே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 9,000 ரூபாய்க்குக் கூப்பிடுகிறார்கள். 'வீட்டில் சும்மா இருப்பதற்கு எதுவானாலும் மேல்' என்கிறார் மாமா. என்ன செய்வது? என் நண்பன் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டான். அது திரும்பக் கிடைக்குமா?

பதில்: அந்த 14,500 ரூபாயைக் கட்டாதீர்கள். அம்மாவின் கம்மல் அவர் காதிலேயே இருக்கட்டும். ஆடிட்டர் அலுவலகத்துக்கு நாளைக்கே போய் 'வருகிறேன்' என்று சொல்லிவிடுங்கள்.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கருவி ஒன்றை விற்றால் 800 ரூபாய், ஆள் ஒருவரைச் சேர்த்தால் 2,500 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். கருவியை விற்றுத்தான் அந்த நிறுவனம் பிழைக்கிறது என்றால், அதை விற்றுத் தருபவருக்குத்தான் அதிகம் கொடுக்கும். இங்கே மூன்று கருவி விற்றாலும் ஒருவரைச் சேர்த்துவிடுவதற்கு ஈடாகவில்லை. உங்களுக்குத் தரப்போகும் அந்த 2,500 ரூபாய், புதிதாகச் சேருபவர் கட்டும் 14,500 ரூபாயிலிருந்துதான் வரும். நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு உங்களை அழைத்துப் போனவருக்குப் போகும். கருவி பெயருக்கு நடுவில் நிற்கிறது.

கருவியை மட்டும் விற்கிறேன், ஆள் சேர்க்க மாட்டேன் என்று நீங்கள் உறுதியாக இருந்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை. குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் போய்வரவே ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். அங்கே சத்துவாச்சாரி, காட்பாடி என்று தெருத் தெருவாக அலைந்தால் ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டராவது ஓடும். பெட்ரோலுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 நாளுக்கு 6,250. மதியச் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் 1,250. போனுக்கு 300. அறிமுகமே இல்லாத வீடுகளில் மாதம் பத்துக் கருவி விற்றுவிடுகிறீர்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கமிஷன் 8,000 ரூபாய். செலவு போக உங்கள் கையில் நிற்பது 200 ரூபாய். கம்மலை அடகுக்கடையில் இரண்டு வட்டிக்கு வைத்தால் 14,500 ரூபாய்க்கு மாத வட்டி மட்டும் 290. பத்துக் கருவி விற்ற மாதத்திலும் வட்டிக்கு 90 ரூபாய் வெளியிலிருந்து தேட வேண்டும். மாமாவிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். வீட்டில் சும்மா இருந்தால் அந்த 90 ரூபாயாவது மிஞ்சும்.

நீங்கள் அனுப்பிய சேர்க்கைப் படிவத்தின் நகலை முழுவதும் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 'வணிக மேம்பாட்டு அதிகாரி' என்று இருக்கிறது. பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஏழாவது விதி இப்படிச் சொல்கிறது: 'கையொப்பமிடுபவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர், இப்படிவம் பணி நியமன ஆணை ஆகாது.' பதினோராவது விதி, கட்டிய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்கிறது. சம்பளம் என்ற சொல் இரண்டு பக்கத்திலும் ஓரிடத்தில்கூட இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றிப் பேச்சே இல்லை. நேர்காணலில் உங்களிடம் வாயால் சொன்ன 30,000 ரூபாயும் அந்தத் தாளில் இல்லை. ஒரு முதலாளி தரத் தயாராக இருக்கும் பணத்தை எழுதிக் கொடுக்கத் தயங்க மாட்டார்.

படிவத்தோடு இணைத்திருக்கும் இன்னொரு தாள்தான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. 1 முதல் 100 வரை எண் போட்டு, பக்கத்தில் பெயர், உறவு, செல்போன் எண் என்று கட்டம் கட்டியிருக்கிறார்கள். 'உங்களுக்குத் தெரிந்த நூறு பேர்' என்பது தலைப்பு. அதை நிரப்பும்போது யார் பெயரை எழுதுவீர்கள்? சித்தப்பா, கல்லூரி நண்பர்கள், அப்பாவோடு நெய்பவர்கள், அம்மாவுக்குப் பீடி இலை கொண்டுவந்து தரும் ஆள். முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசி 14,500 ரூபாய் வாங்க அவர்களால் முடியாது. உங்கள் மேல் நம்பிக்கை வைத்திருப்பவர்களிடம் உங்களால் முடியும். அந்த நம்பிக்கையைத்தான் அவர்கள் விலைக்குக் கேட்கிறார்கள்.

இதன் பின்விளைவை நம் பக்கத்து மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2022-இல் காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிதி நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. நம்ப முடியாத மாத வட்டி தருவதாகச் சொல்லி வசூலித்த பணம் அது. ஊர் ஊராக ஏஜென்ட்டுகளாக இருந்து அதைத் திரட்டிக் கொடுத்தவர்களில் பலர் நம் தெருப் பிள்ளைகள். பணம் போட்டவர்கள் கேட்டு வந்தபோது தெரிந்த முகம் ஏஜென்ட்டின் முகம்தான். அவர்களில் சிலர் கைதும் ஆனார்கள். அது வட்டி ஆசை காட்டிய நிறுவனம், இது கருவி விற்கும் நிறுவனம் என்றாலும், தெரிந்தவர்களிடம் பணம் வாங்கிக் கொடுத்துவிட்டு நடுவில் மாட்டிக்கொள்ளும் இடம் இரண்டிலும் ஒன்றுதான்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. புதிதாகச் சேருபவர் கட்டும் பணத்தை முன்பே சேர்ந்தவருக்குக் கொடுக்கும் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. அத்தகைய திட்டத்தை நடத்துபவர் மட்டுமல்லாமல், அதில் ஆள் சேர்ப்பவரும் அதன்படி குற்றவாளி. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. நேரடி விற்பனை நிறுவனங்களுக்காக 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் ஆளுக்குக் கீழ் ஆளாகச் சேர்த்துக்கொண்டே போகும் பிரமிடு திட்டங்களையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. 'எங்கள் கம்பெனி பதிவு பெற்றது' என்று ஒரு சான்றிதழைக் காட்டியிருப்பார்கள். நிறுவனம் பதிவாகியிருக்கிறது என்பதற்கு அது சான்று. அங்கே நடக்கும் தொழில் ஒழுங்கானது என்பதற்கு அது சான்றாகாது.

கமிஷன் வேலை எல்லாமே மோசம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனையோ குடும்பங்கள் அதில் கௌரவமாக வாழ்கின்றன. ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆவதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பயிற்சி முடித்து, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி தேர்வு எழுதித் தேற வேண்டும். உங்கள் கையிலிருந்து போவது தேர்வுக் கட்டணம்தான். பாலிசிதாரர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டக் கட்ட உங்களுக்கும் கமிஷன் வந்துகொண்டிருக்கும். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் வருமானம் தள்ளாடும். இலக்கை எட்டுவதற்காக வாடிக்கையாளரின் முதல் பிரீமியத்தைத் தன் பணத்திலிருந்து கட்டுகிற ஏஜென்ட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கமிஷனில் பங்கு கொடுப்பதைக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடுக்கிறது, பையும் காலியாகும். கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணமோ, வீட்டில் இன்னொரு நிலையான வருமானமோ இருப்பவர்களுக்கு அது பொருந்தும். உங்களுக்கு இப்போது பொருந்தாது.

இனி எந்த விற்பனை வேலைக்குப் போனாலும், விற்பனையே ஆகாத மாதத்தில் என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். பெட்ரோல் யார் கணக்கில், வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் என் கமிஷனைப் பிடிப்பீர்களா என்பதையும் அங்கேயே கேட்டு, பதிலைத் தாளில் வாங்குங்கள். அந்த வேலையில் ஓராண்டு இருந்தவர் ஒருவரை நீங்களாகத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவர்கள் மேடையில் ஏற்றிப் பேச வைக்கும் ஆளிடம் பேசிப் பயனில்லை.

ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருவோம். 9,000 ரூபாய் குறைவுதான், மறுக்கவில்லை. ஒன்றரை ஆண்டாக அலைந்தவருக்கு வேலூர் அலுவலகத்தில் கை குலுக்கி, 'சார்' என்று அழைத்து, அன்றே தேர்வு செய்துவிட்டோம் என்று சொன்னால் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த 9,000 ரூபாயில் பெட்ரோலுக்கு ஒரு பைசா போகாது. அங்கே மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3-பி என்று ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்து பழகுவீர்கள். டேலி கணக்கு மென்பொருளில் கை ஓடும். டி.டி.எஸ். பிடித்தம், வருமான வரித் தாக்கல் எல்லாம் ஓராண்டில் ஒரு சுற்று வந்துவிடும். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஏற்றுமதி நிறுவனங்களில் கணக்குப் பிரிவு இல்லாத நிறுவனம் கிடையாது. 'அனுபவம் உண்டா?' என்று அவர்கள் கேட்டதற்கு அடுத்த ஆண்டு உங்களிடம் பதில் இருக்கும்.

சம்பளத்தில் 5,000 ரூபாயை அம்மாவிடம் கொடுங்கள். 1,500 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுங்கள். ஓராண்டில் 18,000 ரூபாயும் வட்டியும் சேரும். 1,000 ரூபாயை வேலை தேடும் செலவுக்கென்று தனியாக வையுங்கள். விண்ணப்பக் கட்டணம், போட்டோ, பஸ் எல்லாம் அதற்குள் அடங்கட்டும். மீதி 1,500 உங்கள் கைச்செலவு. வேலூர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குத் தவறாமல் போய்வாருங்கள். அங்கே யாரும் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் மைய அதிகாரியிடம் அங்கேயே சொல்லுங்கள். அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகையை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். பதிவு செய்து ஐந்தாண்டு ஆனவர்களுக்குத்தான் அது, பட்டதாரிக்கும் மாதம் 600 ரூபாய்தான்.

உங்கள் நண்பரின் பணம் திரும்பக் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் பதினோராவது விதியைப் பார்த்துப் பயந்து அவர் விட்டுவிட வேண்டாம். சட்டம் தடுத்திருப்பதை ஒரு படிவம் அனுமதித்துவிட முடியாது. முதலில் அவர் இன்னொருவரைச் சேர்க்காமல் இருக்க வேண்டும். சேர்த்துவிட்டால் புகார் கொடுப்பவராக இருந்தவர் புகாருக்கு உள்ளானவராகிவிடுவார். கருவியை அட்டைப்பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கட்டும். பணம் கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள், அந்த நூறு பெயர்த் தாள் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளட்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பதினைந்து நாள் அவகாசம் கொடுக்கட்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம், வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மனுவுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆள் சேர்ப்புப் பற்றிய புகாரை வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அவரோடு சேர்ந்து பணம் கட்டிய மற்றவர்களும் உடன் போனால் புகாருக்கு வலு கூடும். அவர்களைத் திரட்ட நீங்கள் நண்பருக்கு உதவுங்கள்.