உசிலம்பட்டி ராஜ்தூத் 350: முன்பணம் தருமுன்

நண்பரே, உசிலம்பட்டி தோப்பில் வருஷக்கணக்கா நின்ன ராஜ்தூத் 350 டூ-ஸ்ட்ரோக் பைக், ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை, ஆர்சி காலாவதி, வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

வண்டி நல்லா சூடானதும் புகை அடங்கினா சைலன்சரில் தேங்கின பழைய ஆயில்தான், பயமில்லை. அடங்காம கியர் ஆயில் மட்டமும் இறங்கினா வலது கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்ட் நுனியில் கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையம்) போச்சு. கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்குது. அதைவிட ஆபத்து இடது சீல். வெளிக்காற்றை இழுக்கும், பெட்ரோல்-காற்றுக் கலவையில பெட்ரோல் குறையும், பிஸ்டன் சூடேறி சிலிண்டர்ல பிடிச்சுக்கும். ஆக்சிலேட்டரை விட்டும் இன்ஜின் வேகம் இறங்கலைன்னா முதல் சந்தேகம் அதுதான். சீல் விலை பெருசில்லை. இன்ஜினைப் பிரிக்கிற கூலியும், பிரிச்சப்புறம் தெரியுற சேதமும்தான் காசு.

சிலிண்டர் துளையோட (போர்) ஒரிஜினல் விட்டம் 64 மிமீ. தேய்மானத்துக்காக ஏற்கனவே 1 மிமீ பெருசாக்கியிருந்தா (ஓவர்சைஸ்) அடுத்தது சிலிண்டருக்குள்ள புது உறை (ஸ்லீவ்) போடுறதுதான், விலையில கழிங்க. இன்ஜினுக்கு ஆயிலைத் தானா கொடுக்கிற ஆயில் பம்பைக் கழட்டிட்டாங்களான்னும் பாருங்க. கழட்டியிருந்தா லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2T (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலக்காம ஓட்டாதீங்க.

இன்ஜின், சேஸிஸ் நம்பரைப் பேப்பர் வச்சுப் பென்சிலால் தேய்ச்சு ஆர்சியோட ஒப்பிடுங்க. ஒத்து வந்தா படிவம் 25 போட்டுப் புதுப்பிக்கலாம். வின்டேஜ் (பழம்பெரும் வண்டி) பதிவுன்னு யாராவது ஆசை காட்டினா நம்பாதீங்க. அதுக்கு 50 வருஷம் தாண்டணும், இது வந்ததே 1983-லதான். நம்பர் ஒத்து வரலையா, பாதி விலைக்குக் கொடுத்தாலும் விட்டுடுங்க.