மூன்றரை எழுத்துக் கூலி

கே: எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பாதிக்கு மேல் வேறு யார் பெயரோ வெட்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் எப்படி?
– வாசகி, கும்பகோணம்

ப: இப்போதுதான் சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் காப்பி டபராவில் 'கோ.வ.' என்று இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் 'கோ'வும் கிடையாது, 'வ'வும் கிடையாது. முப்பது வருடமாக அதில்தான் காப்பி ஆற்றுகிறேன். இனிமேல் உரியவரே வந்து கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

இப்படிக் கைமாறிவிடக் கூடாது என்றுதானே பெயரே வெட்டுகிறார்கள்! அப்போதெல்லாம் பாத்திரக்கடை வாசலில் ஒருவர் சிறிய உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பார். டொக் டொக்கென்று புள்ளி புள்ளியாக விழுந்து எழுத்தாகும். (இப்போது மெஷின். பல் வைத்தியரிடம் வந்துவிட்டோமோ என்று தோன்றும்.) கூலி, எழுத்துக்கு இவ்வளவு என்று. என் அப்பா தமிழாசிரியர். பாட்டியின் பெயரை ஒரு தூக்கில் வெட்டச் சொன்னவர், "மீனாட்சியில் 'ட்' மெய்யெழுத்து. அதற்கு அரை மாத்திரைதான். மூன்றரை எழுத்துக்குத்தான் கூலி" என்றார். வெட்டியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஐயா, அந்த எழுத்துக்குத்தான் தலையில் ஒரு புள்ளி கூடுதலாக வெட்டியிருக்கிறேன்."

அப்பா முழுக் கூலியையும் கொடுத்தார். வீடு வரும்வரை பேசவில்லை. நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்பது அந்த மனிதருக்குத் தெரியாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

கே: பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்கிறார் என் மாமியார். ஏன்?
– பெயர் வேண்டாம், அவரும் இந்த இதழைப் படிப்பவர்

ப: மாமியார் சொன்னது சரி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெறும் பாத்திரம் வாசற்படி ஏறக் கூடாது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும். அவர்கள் தந்தது பால்கோவா என்றால் வெறும் சர்க்கரையோடு அனுப்ப மனம் வருமா? நல்லதாக ஏதாவது செய்யும் நாளுக்காகக் கிண்ணம் நம் அலமாரியில் காத்திருக்கும். தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்போம். அதற்குள் அவர்கள் மாற்றலாகிப் போய்விடுவார்கள். என் டபராவும் அப்படித் தங்கியதாகத்தான் இருக்க வேண்டும்.

கே: 'போகிறேன்' என்றாலே அதட்டி, 'போய்வருகிறேன்' என்று சொல்ல வைக்கிறார்களே?
– வாசகர், திருநெல்வேலி

ப: விளக்கைக்கூட நாம் அணைப்பதில்லை, குளிர வைக்கிறோம். இந்த வழக்குக்கு நன்னூல் 'மங்கலம்' என்று பெயரே வைத்திருக்கிறது. இடுகாட்டை நன்காடு என்பதும் கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும் உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள். 'போய்வருகிறேன்' என்று சொல்லி, செருப்பையும் மாட்டிக்கொண்டு, வாசலில் முக்கால் மணி நேரம் நின்று பேசுகிறவரை எந்த வழக்கில் சேர்ப்பது என்றுதான் நன்னூலில் இல்லை.

கே: எந்தக் கிழமைக்கு எப்போது ராகு காலம் என்பது மறந்து மறந்து போகிறது.
– வாசகர், சேலம்

ப: 'திருவிழா சந்தையில் வெளியே புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா?' முதலெழுத்துகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். திங்கள் 7.30 மணி, சனி 9, வெள்ளி 10.30 என்று ஒன்றரை மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஞாயிறு 4.30. கடைசிச் சொல்லை 'நியாயமா' என்று மாற்றினால் ஞாயிற்றுக்கிழமை கைவிட்டுப் போய்விடும். என் அப்பா சிவப்பு மை வைக்காமல் விட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.